சிறந்த ஆசிரியர் இன்று ஓ.டி.

மூன்றாம் ஹவர் மணி அடித்துப் பத்து நிமிடமாகியும் வகுப்புக்கு ஆள் வரவில்லையென்றால் மாணவர்கள் பதறுவதில்லை. "சாருக்கு எங்கேயோ அவார்டு போலடா" என்று கடைசி பெஞ்சு தீர்ப்புச் சொல்லிவிடும். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். சிறந்த ஆசிரியர் விருது வாங்குவதற்காக அவர் கோவாவிலோ பெங்களூரிலோ ஏதோ ஒரு ஹோட்டல் ஹாலில் வரிசையில் நின்றுகொண்டிருப்பார். கல்லூரிக் கணக்கில் அது 'ஆன் டியூட்டி', சுருக்கமாக ஓ.டி. இங்கே அவர் நடத்தவேண்டிய தெர்மோடைனமிக்ஸ் வகுப்புக்கு ஆல்டர்நேட்டாக வந்த கணக்கு மேடம், தமக்குத் தெரிந்த டிஃபரன்சியேஷனை வைத்துச் சமாளித்துக்கொண்டிருப்பார்.

தனியார் பொறியியல் கல்லூரி எதற்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். காரின் பின் சீட்டில் ஹேங்கரில் ஒரு கோட்டு எப்போதும் தொங்கும். மேடை எந்த ஊரில் எந்த நேரத்தில் அமையும் என்று யார் கண்டார்கள்? விசிட்டிங் கார்டு மடித்த கார்டு. திறந்து படிக்க இரண்டு கையும் வேண்டும். பயோடேட்டா அறுபது பக்கத்தைத் தாண்டிவிட்டது. பக்கத்துக் கல்லூரியில் ஒரு முறை சிறப்புரைக்கு அழைத்தார்கள். வரவேற்புரை சொன்ன இளம் விரிவுரையாளர் அந்த அறுபது பக்கத்தையும் விடாமல் படித்துவிட்டார். சிறப்புரைக்கு மிஞ்சியது ஏழு நிமிடம். நம்மவருக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. உரைக்குப் பதிலாக அறிமுகத்தையே இன்னொரு முறை படிக்கச் சொல்லியிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பார்.

பிப்ரவரியில் அவருக்கு 'யங் சயின்டிஸ்ட்' விருது கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில் 'லைஃப்டைம் அச்சீவ்மென்ட்'. ஐந்தே மாதத்தில் இப்படி வாலிபம் கழிந்து மூப்பு வந்துவிட்டதே என்று நான் விசாரித்தேன். "ரெண்டும் ஒரே ஆர்கனைசர்தான் சார். காம்போல போட்டுக்கிட்டேன்" என்றார்.

விருது வருகிற விதம் எல்லா ஆசிரியருக்கும் தெரிந்ததுதான். ஒரு நாள் காலையில் மெயில் வரும். 'தலைசிறந்த ஆய்வாளர் அவர்களே' என்று தொடங்கி மூன்று ஆச்சரியக்குறி போட்டிருப்பார்கள். தங்கள் அரும்பங்களிப்பை எங்கள் நடுவர் குழு பல கட்டங்களாகப் பரிசீலித்தது என்று உருகியிருப்பார்கள். எந்தப் பங்களிப்பு என்பது மட்டும் இராது. கடைசியில் பொடி எழுத்தில் பதிவுக் கட்டணம். நேரில் வந்தால் ஷீல்டு, சான்றிதழ், பொன்னாடை, மதியச் சாப்பாடு, மேடையில் நிற்கும் போட்டோ. துணைவியாருடன் வந்தால் சாப்பாட்டுக்கு மட்டும் தனி. வர இயலாதவர்களுக்குக் கூரியர். நம்மவர் ஒரு போதும் கூரியரில் வாங்கியதில்லை. அதில் அவருக்கு ஒரு கௌரவம் உண்டு.

அவரிடம் இருப்பவற்றில் மாநில விருது ஒன்றுகூடக் கிடையாது. கடலூரில் வாங்கினாலும் அது பன்னாட்டு விருதுதான். காரணம் இருக்கிறது. 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., 'ஏ.பி.ஐ.' என்று ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. ஆசிரியர் செய்வதற்கெல்லாம் புள்ளி. புள்ளி சேர்ந்தால் பதவி உயர்வு. அதிலிருந்து எல்லாவற்றுக்கும் உள்ளூர், தேசியம், பன்னாடு என்று தராதரம் பிறந்தது. ஏற்பாட்டாளர்களும் இளகிய மனசுக்காரர்கள். மலேசியாவிலோ இலங்கையிலோ இருக்கும் ஒரு நண்பரை ஜூமில் கூப்பிட்டு, "எல்லோருக்கும் வணக்கம், கேட்கிறதா?" என்று சொல்ல வைத்துவிட்டால் முடிந்தது. கேட்டதோ இல்லையோ, விழா பன்னாட்டு விழா.

கட்டுரைகளும் இப்படிக் கட்டணம் கட்டித்தான் குவிந்தன. 2018 மே மாதம் யு.ஜி.சி. தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 ஆய்விதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது. அன்று எங்கள் ஸ்டாஃப் ரூம் இழவு வீடாகக் கிடந்தது. நம்மவர் பட்டியலை மேலிருந்து கீழாக விரலை வைத்துத் தேடிக்கொண்டே வந்து, ஒவ்வொன்றாகப் பறிகொடுத்தார். மாலையில் டீ குடிக்கும்போது, "எடிட்டரே போன் பண்ணி அழுதார் சார்" என்றார். அந்த எடிட்டருக்கும் அன்று கைவிட்டுப் போனது கொஞ்சநஞ்சமா?

துறைத் தலைவரானதிலிருந்து அவர் பெயர் இல்லாமல் துறையிலிருந்து ஒரு கட்டுரையும் வெளியே போவதில்லை. யார் எழுதினாலும் இரண்டாவது பெயர் அவருடையது. இது பற்றிப் பேச்சு வந்தபோது நான் ஒரு பழைய கதையைச் சொன்னேன். 1975-ல் அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன் ஒரு கட்டுரையைத் தனி ஆளாக எழுதிவிட்டு, நெடுக 'நாங்கள்' என்று டைப் அடித்துவிட்டார். ஒருவர் மட்டும் எழுதியதில் 'நாங்கள்' வந்தால் 'ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழ் திருப்பி அனுப்பிவிடும் என்று நண்பர் எச்சரித்தார். கம்ப்யூட்டரில் டைப் அடிக்காத காலம். மறுபடி முழுவதும் டைப் அடிக்கவேண்டும். ஹெதரிங்டன் தன் வீட்டுப் பூனை செஸ்டரை எஃப்.டி.சி. வில்லார்டு என்ற பெயரில் இணை ஆசிரியராகச் சேர்த்து அனுப்பிவிட்டார். கட்டுரை வெளியானது. பூனையின் பெருமை பின்னாளில் ஊரெல்லாம் பரவியது. ஸ்டாஃப் ரூமே சிரித்தது. நம்மவர் மட்டும் சிரிக்கவில்லை. "கரஸ்பாண்டிங் ஆதர் யாரு?" என்று கேட்டார்.

அவருடைய பொற்காலம் 2020. ஊரடங்கில் நாடு முழுக்க வெபினார் நடந்தது. வெபினார் தோறும் இ-சர்டிஃபிகேட். லேப்டாப்பில் ஒன்று, மொபைலில் ஒன்று, மகனின் ஆன்லைன் வகுப்பிலிருந்து பிடுங்கிய டேப்பில் ஒன்று என்று ஒரே நேரத்தில் மூன்று கருத்தரங்கில் கலந்துகொண்டார். மூன்றிலும் கேமரா ஆஃப். கை கழுவுவது எப்படி என்ற வினாடி வினாவில் மட்டும் எட்டுச் சான்றிதழ் வைத்திருக்கிறார். எந்தப் பல்கலைக்கழகமும் அதற்கு மேல் அந்தத் துறையில் பட்டம் தர முடியாது.

வீட்டில் இந்தப் பெருமை செல்லுபடியாகவில்லை. ஷோகேஸ் நிறைந்து, டிவிக்கு மேலே ஏறி, இப்போது பூஜையறை வாசல் வரை மொமெண்டோக்கள் வந்துவிட்டன. "ஏங்க, இந்தக் கண்ணாடியெல்லாம் துடைச்சு மாளல. அடுத்த தடவை இதுக்குப் பதிலா ஒரு குக்கர் தருவாங்களான்னு கேட்டுப் பாருங்க" என்றாராம் அம்மையார். "அவார்டுடி அது. பேரு பொறிச்சுத் தர்றாங்க." "குக்கர்லயும் பொறிக்கலாம்ங்க. எங்க அம்மா வீட்டு அண்டால இன்னும் அழியாம இருக்கு."

இவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். தாளாளரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இன்கிரிமென்ட் கேட்டால் "அட்மிஷன் முடியட்டும், பார்க்கலாம்" என்பார். விருது வாங்கி வந்தால் மறுநாளே கேட்டில் ஃப்ளெக்ஸ். அதில் தாளாளர் படம் பெரிது, விருதாளர் படம் சிறிது. சதுர அடிக் கணக்கில் பார்த்தால் சம்பள உயர்வைவிட ஃப்ளெக்ஸ் மலிவு. கல்லூரிக்குத் தரம் போடும் நாக் மதிப்பீடு நடக்கும் ஆண்டில் கேட்கவே வேண்டாம். எது நடந்தாலும் அட்சரேகை தீர்க்கரேகையோடு ஜியோ டேக் போட்டோ வேண்டும். போட்டோ இல்லாதது நடக்கவில்லை. பாடம் புரிந்துபோன ஒரு பையனின் முகத்தில் எந்தத் தீர்க்கரேகை ஓடும்?

அசல் விருதுகளும் இருக்கத்தான் செய்கின்றன. 1958 முதல் வழங்கப்பட்ட பட்நாகர் பரிசை 45 வயதுக்குட்பட்ட அறிவியலாளர்களுக்குத்தான் தந்தார்கள். மத்திய அரசின் தேசிய ஆசிரியர் விருது 2023-ல்தான் உயர்கல்வி ஆசிரியர்களுக்கும் விரிந்தது. அந்த ஆண்டு நாடு முழுவதற்குமாக அந்தப் பிரிவில் 13 பேர். ஆளுக்கு 50,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும். நம்மவரிடம் சொன்னேன். "பதிமூணு பேருதானா? அதுல பாலிடிக்ஸ் இருக்கும் சார்" என்று ஒதுக்கிவிட்டார். தவிர, அதற்குக் கட்டணமே கிடையாது என்பதால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆசிரியர் தினமான செப்டம்பர் 5 அவருக்குத் திருவிழா. ஆண்டுதோறும் ஒரே பேச்சு: திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1921-ல் மைசூரை விட்டுக் கல்கத்தாவுக்குக் கிளம்பியபோது, மாணவர்களே குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியை ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்களாம். சொல்லும்போது நம்மவருக்குக் குரல் தழுதழுக்கும். பின் வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருப்பவனிடம், "நாமளும்தான் சார் காரை வாரம் ரெண்டு நாள் தள்ளுறோம். பேட்டரி மாத்தச் சொல்லுடா" என்பான்.

வாங்கி வாங்கி ஒரு கட்டத்தில் அவருக்கு ஞானம் பிறந்தது: கொடுப்பவன்தான் பெரியவன். ஒரு அறக்கட்டளையைப் பதிவு செய்தார். பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்து மொய் விருந்தில் யார் எவ்வளவு வைத்தார் என்று நோட்டில் ஏற்றி, அவர் வீட்டு முறை வரும்போது கூட்டித் திருப்பிச் செய்வார்களே, அந்த முறைதான் இங்கும். சேலத்துக்காரர் இவருக்கு 'கல்விச் செம்மல்' தந்தால், இவர் அவருக்கு 'கல்விப் பேரொளி' தரவேண்டும். போர்த்திய பொன்னாடையே நாலு மேடை சுற்றி மறுபடி இவர் தோளுக்கே வந்ததும் உண்டு; மடிப்பில் தம் வீட்டு நாப்தலின் வாசனையைப் பிடித்துவிட்டார். நோட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 'திண்டுக்கல், வரவேண்டியது 2' என்று பச்சை மசியில் எழுதியிருந்தார்.

இவர் ஓ.டி.யில் போகும்போதெல்லாம் இவர் வகுப்பை எடுக்கிற கணக்கு மேடத்தைச் சொன்னேனே, அவரிடம் ஒரு சான்றிதழும் கிடையாது. கல்லூரி விட்டபின் அரியர் வைத்த பையன்களை உட்கார வைத்து, கடைசி பஸ் வரைக்கும் சொல்லிக்கொடுப்பார். இதைக் கோப்பில் சேர்க்கலாமென்று, கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.யின் ஒருங்கிணைப்பாளர் ஆசையோடு வந்தார். "ஜியோ டேக் போட்டோ இருக்கா மேடம்?"

"இல்லையே சார். எல்லாரும் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தோம்."

கோப்பு மூடப்பட்டது.

போன வாரம் நம்மவரே மேடத்தின் மேஜைக்கு வந்தார். கையில் அறக்கட்டளையின் விண்ணப்பம்.

"மேடம், இந்த வருஷம் உங்க பேரை செலக்ட் பண்ணியிருக்கோம்."

"எதுக்கு சார்?"

"அதை நீங்களே சொல்லுங்க. நாப்பது கேட்டகரி இருக்கு."

மேடம் விண்ணப்பத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "நீங்க அவார்டு வாங்கப் போனப்பல்லாம் உங்க கிளாஸை எடுத்தவங்களுக்குன்னு ஒண்ணு இருக்கா சார்?"

அவர் யோசித்தார். பேனாவை எடுத்து, நாற்பதாவதுக்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

"சேர்த்துடலாம் மேடம். ஜி.எஸ்.டி. மட்டும் தனி."