அடிவரிசைக் கட்டை: திண்டுக்கல் சமவெளியின் விறகுப் படப்பு குறித்த ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

குளிர் நாடுகளில் விறகு என்பது உயிர் காக்கும் பொருளாதலின், அதைப் பற்றிய ஆராய்ச்சியும் அங்கே முற்றி விளைந்திருக்கிறது. நார்வேயில் லார்ஸ் மிட்டிங் என்பவர் 2011இல் எழுதிய விறகு நூல் பரபரப்பாக விற்றது. 2013இல் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி விறகை மட்டுமே பொருளாகக் கொண்டு 12 மணி நேரம் ஒளிபரப்ப, கட்டையின் பட்டை மேல்நோக்க வேண்டுமா கீழ்நோக்க வேண்டுமா என்று நேயர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டார்கள். தமிழிலோ நிலைமை வேறு. திருவிளையாடற் புராணத்தின் விறகு விற்ற படலத்தில் இறைவனே விறகுக்கட்டைத் தலையில் சுமந்து மதுரைத் தெருவில் வந்திருக்கிறான். ஆகவே விறகைச் சுமந்ததற்குப் புராணம் உண்டு, அடுக்கியதற்கு இல்லை. அக்குறையைத் திண்டுக்கல் சமவெளியளவிலேனும் நீக்குவது இவ்வாய்வின் நோக்கம்.

இடமும் காலமும்

இம்மாவட்டத்தில் குளிருக்கென்று விறகு வேண்டுவோர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், கொடைக்கானலின் கணப்புள்ள பழைய பங்களாக்களில் இருக்கிறார்கள். அடிவாரத்துச் சமவெளியில் மார்கழி விடியற்குளிரை ஒரு மப்ளரும் ஒரு கிளாஸ் டீயும் முறியடித்துவிடுவதால், அங்கு விறகுக்குப் பகை குளிரன்று, ஈரமே. ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் விறகை வெட்டி, பிளந்து, காயவைத்து, படப்பாக அடுக்கிவிட வேண்டும். படப்பு என்பது கொல்லையிலோ வீட்டுப் பக்கச் சுவரோரத்திலோ விறகை வரிசை வரிசையாக ஏற்றிக் கட்டிய அடுக்கு. வைக்கோலுக்கும் இப்பெயர் உண்டாயினும், வைக்கோற்படப்பை மாடு தின்று தீர்க்கும், விறகுப் படப்பு தீர்ந்ததாகச் செய்தி இல்லை.

மரவகை

சமவெளியின் விறகுக் குடிகளில் முதலிடம் சீமைக் கருவேலத்துக்கு உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம், யாரும் நடாமலே முளைத்து, எல்லாரும் விடாமல் திட்டியும் தழைத்து, அரைகுறையாய்க் காய்ந்த நிலையிலும் எரியும் நற்குணம் ஒன்றால் மட்டும் மன்னிக்கப்படுகிறது. புளி, வைரம் பாய்ந்தது. நின்று எரிந்து நல்ல கங்கு தருவதால், சீரகச்சம்பா பிரியாணிக்குத் தம் போடும் அடுப்பில் மதிப்புப் பெறும். தென்னையின் மட்டையும் பாளையும் பன்னாடையும் தீ மூட்டுவதற்குரியவை. விறகு என்ற பட்டத்துக்கு அவை ஆசைப்படுவதில்லை. முருங்கையோ காயால் பெற்ற பெருமையைக் கட்டையால் இழந்தது; பஞ்சுபோல் இருக்கும் அதை அடுப்பில் வைப்பவர் அன்றைக்கு வேறு விறகில்லாதவர் என்று துணியலாம்.

பிளத்தல்

உருண்டைக் கட்டையைப் பட்டை மூடிக் காப்பதால் உள்ளீரம் வெளியேற வழியின்றிக் கிடக்கும். பிளந்தால் புது முகங்கள் திறந்து வெயில் உட்புகும். இதற்குரிய கருவிகள் மூன்று: கோடாலி, இரும்பு ஆப்பு, ஆப்பின் தலையில் இறங்கும் சம்மட்டி. நேர்நார் கொண்ட கட்டை இரண்டு அடியில் விரியும். கணுவுள்ள புளியங்கட்டையிலோ கோடாலி பாதி இறங்கி அப்படியே நின்றுவிடும். வெட்டுபவர் அதைப் பிடுங்குவதற்காகக் கட்டையோடு சேர்த்துத் தூக்கித் தரையில் அறைய, கோடாலி அசையாமல் காம்பு மட்டும் கழன்று கைக்கு வரும். இந்நேரத்தில் வந்து நிற்பவர்களை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகையினர், கணுவை விட்டு அடித்திருக்க வேண்டும் என்று அடித்த பிறகு சொல்பவர்கள். மற்றவர், ஒன்றும் சொல்லாமல் பிளந்து கிடப்பவற்றில் நேரான கழி ஒன்றைப் பார்த்து, இது மண்வெட்டிக்கு ஆகுமே என்று எடுத்துச் செல்பவர்கள். கோடாலியைக் கழற்றித் தரும் மூன்றாம் வகை ஒன்று உண்டா என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

அடுக்கும் நூற்பாவும்

படப்புக்கு அடியில் கருங்கல்லோ செங்கல்லோ கொடுத்துக் கரையானைத் தடுப்பதும், மேலே மூடி மழையைத் தடுப்பதும் மரபு. மூடும் பொருள் முற்காலத்தில் பனையோலை, இடைக்காலத்தில் தகரம், இக்காலத்தில் பிளெக்ஸ் பேனர். 2015 முதல் கீழடியில் மண்ணடுக்கைப் படிப்படியாக இறக்கிக் காலங்கண்ட முறையை இங்கும் கையாளலாம்: மேலே கிடப்பது அண்மையில் நடந்த காதணி விழா, அதற்குக் கீழே ஒரு தேர்தல், அதற்கும் கீழே வெயிலில் முகம் வெளுத்துப்போன ஒரு பூப்புனித நீராட்டு. ஆழம் கூடக் காலம் கூடும்; கட்டைக்கும் அதுவே விதி. இதிலிருந்து பெறப்படும் நூற்பா வருமாறு:

முன்னர் அடுக்கியது பின்னர் எரியும். பின்னர் அடுக்கியது முன்னர்ப் புகையும்.

உரை: புதிதாக வந்த விறகு பழையதன் மேல் ஏற்றப்படுதலாலும், எடுப்பவர் கைக்கு மேல்வரிசையே எட்டுதலாலும், அடுப்புக்கு முதலிற் செல்வது நேற்று வந்த பச்சைக் கட்டையே. அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீராக இருக்கும். கொதிநிலையிலுள்ள ஒரு கிலோ நீரை ஆவியாக்க மட்டும் 540 கிலோகலோரி வேண்டும். ஆகவே பச்சைக் கட்டை தன் வயிற்றிலுள்ள தண்ணீரைக் காய்ச்சி முடித்த பின்னரே அண்டாவிலுள்ள தண்ணீரைக் கவனிக்கிறது. அதுவரை ஊதுகுழலும் கண்ணீருமே கதி. நன்கு காய்ந்து சடசடவென்று எரியவல்ல கட்டைகளோ அடிவரிசையில் அமர்ந்திருக்கின்றன. அவற்றின் இடையே தேளும் பூரானும் குடியேறியிருப்பதால், அடியில் கையை விடுவதற்கு அறிவோடு துணிவும் தேவைப்படுகிறது.

எரிவாயுவும் மறுப்பும்

தமிழக அரசு 2006க்குப் பின் வழங்கிய இலவச எரிவாயு அடுப்பாலும், 2016இல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தாலும் 14.2 கிலோ சிலிண்டர் பல சமையலறைகளுக்குள் வந்ததால் படப்பு ஒழிந்திருக்கும் எனக் கருதுவோர் உளர். அது பொருந்தாது. சிலிண்டர் வந்ததால் மறைந்தது சமையலறை விறகுதான். வெந்நீர் அடுப்பு, நெல் அவித்தல், கிடா வெட்டுக் கறிச்சோறு ஆகியன கொல்லையில் தொடர்கின்றன. சிலிண்டரால் நேர்ந்த மாற்றம் ஒன்றே: மேல்வரிசை மெல்லத் தீர்வதால் அடிவரிசையின் ஆயுள் மேலும் நீண்டிருக்கிறது.

முடிபு

இரண்டு படப்பு போட்டு, ஒன்றை எரிக்கும்போது மற்றதைக் காயவிட்டு, ஆண்டுதோறும் முறை மாற்றினால் இச்சிக்கல் தீரும். ஆனால் பழைய படப்பைப் பிரித்து அடிவரிசையை வெளியே எடுக்கச் சொன்னால், வீட்டின் பெரியவர்கள் தரும் விடை எங்கும் ஒன்றே: “கிடக்கட்டும், ஒரு அவசரத்துக்கு ஆகும்.” அவர்கள் கருதும் அவசரம் பெரும்பாலும் அடைமழை. அடைமழையிலோ பேனரை விலக்கினால் மேல்வரிசை நனைந்துவிடும் என்பதால் படப்பைப் பிரிக்க யாரும் சம்மதிப்பதில்லை. எனவே, அடிவரிசைக் கட்டை என்பது அதை எடுக்க முடியாத நாளுக்காகவே முறைப்படி சேமிக்கப்படும் விறகு என வரையறுப்பதே பொருத்தமாகும்.