ஆன்டெனா சார்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள புறநகர்களில் தெருவுக்கு ஒரு நலச்சங்கச் செயலாளர், ஒரு நடைப்பயிற்சிக்காரர், தெருநாய்களுக்குப் பிஸ்கட் போடும் ஒரு புண்ணியவான் கட்டாயம் உண்டு. ஆன்டெனா சார் அப்படித் தெருவுக்குத் தெரு கிடைக்கிற ரகம் அல்ல. ஊருக்கு ஒருவர் வாய்த்தாலே பெரிது. எங்கள் திருமுடிவாக்கத்துக்கு வாய்த்திருக்கிறார்.

வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். அவுட்டர் ரிங் ரோட்டிலிருந்து இறங்கி, சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் திரும்பித் தலையை நிமிர்த்தினால் போதும். சின்டெக்ஸ் தொட்டியோடு சேர்த்துக் கட்டிய ஜி.ஐ. பைப், அதன் உச்சியிலிருந்து இருபுறமும் சரிந்து இறங்கும் செப்புக் கம்பி. சிலிண்டர் போடும் தம்பியிலிருந்து கொரியர்காரர் வரை "கம்பி கட்டின வீடு" என்றால்தான் தெரியும். குடிவந்த புதிதில் செல்போன் டவர் வைக்கிறார் என்று ஒரு மனுவும், போலீஸ் வயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்கிறார் என்று ஒரு வதந்தியும் கிளம்பின. மனுஷர் இரண்டுக்கும் வாய்திறந்து பதில் சொல்லவில்லை. மத்திய அரசு தந்த அமெச்சூர் ரேடியோ உரிமத்தை லேமினேட் செய்து, ஹாலில் கல்யாண போட்டோவுக்கு மேலே மாட்டிவிட்டார். கல்யாண போட்டோவுக்கு மேலே மாட்டியதற்கு வீட்டில் தனியாக விசாரணை நடந்தது.

ஒரு பொதுத்துறை வங்கியில் விருப்ப ஓய்வு பெற்றவர். தேர்வு எழுதி, 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரராகி, வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கியவர். அதை வாசல் பலகையிலும் கார்க் கண்ணாடியிலும் எழுதி வைத்திருக்கிறார். புதிதாக யார் வந்தாலும் பேச்சு இப்படித்தான் தொடங்கும்: "கமல்ஹாசன் ஹாம் தெரியுமோ? வி.யு.2 எச்.ஏ.எஸ். ராஜீவ் காந்தி வி.யு.2 ஆர்.ஜி. அமிதாப் பச்சன் வி.யு.2 ஏ.எம்.ஒய்." இதற்குப் பிறகு ஒரு சின்ன மௌனம் விடுவார். அந்த வரிசையில் நாலாவது யார் என்று வந்தவர் தாமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

இனி அவரிடம் கேட்கக் கூடாத கேள்விக்கு வருவோம். "சார், எந்த ரிக் வாங்கலாம்?"

ஹாம்களுக்கு ரேடியோப் பெட்டி என்றால் ரிக். பேசவும் கேட்கவும் ஒரே பெட்டி. கேட்டவன் பெரும்பாலும் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் பையனாக இருப்பான். "உட்காரு தம்பி" என்பார். அந்த வார்த்தை வந்துவிட்டால் அன்றைய சாயங்காலம் அவனுடையது அல்ல. ஐந்து வாட் சின்னப் பெட்டி ஒன்றில் ஆரம்பிப்பார். "கத்துக்க இது போதும்." காபி வருவதற்குள் அது 20 வாட் ஆகிவிடும். காபி ஆறுவதற்குள் 100 வாட். "ஐகாம் 7300 எடுத்துக்கோ. 2016ல வந்தது, இன்னிக்கும் அசைக்க முடியல. யாரு எங்க பேசறான்னு திரையிலேயே தெரியும். ஆனா யேசு 891 சின்னது, காருல வைக்கலாம். ஆனா அதுல உள்ளேயே ட்யூனர் கிடையாது. ட்யூனர் இல்லேன்னா..." இங்கே நிறுத்தி, பழைய கென்வுட் டி.எஸ்.520 பக்கம் திரும்புவார். வால்வு போட்ட பெட்டி, எழுபதுகளின் சரக்கு. "வால்வு மன்னிக்கும் தம்பி, டிரான்சிஸ்டர் மன்னிக்காது."

பையன் போகும்போது பெட்டி எதுவும் முடிவாகியிருக்காது. சாருக்கு மட்டும் புதிதாக ஒன்று வாங்கும் ஆசை வந்திருக்கும்.

யேசு என்ற அந்த ஜப்பான் பெட்டியின் பெயரால் ஒரு குழப்பமும் நடந்தது. "நாளைக்கு யேசு வர்றார், எல்லா வேலையையும் ஒதுக்கி வெச்சிருக்கேன்" என்று இவர் போனில் உருகியதை எதிர்வீட்டம்மா கேட்டுவிட்டு, சாரின் மனைவியிடம் ரகசியமாக விசாரித்தார்: "ஏம்மா, சார் சர்ச்சுக்குப் போக ஆரம்பிச்சிட்டாரா?" அம்மாள் சொன்ன பதில்: "அதுக்குப் போனாக்கூட இவ்வளவு செலவு ஆகாதுக்கா."

வேடிக்கை என்னவென்றால், வாட் கூடுவதால் பெரிய லாபம் இல்லை என்பதை ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவரே அவர்தான். 50 வாட்டை 100 ஆக்கினால் எதிர்முனையில் இருப்பவரின் சிக்னல் அளக்கும் எஸ்-மீட்டரில் முள் அரைப்புள்ளிதான் நகரும். ஒரு முழுப்புள்ளி நகர வேண்டுமானால் சக்தி நாலு மடங்காக வேண்டும். "1924ல சி.வி. கிருஷ்ணசாமி செட்டி ஆரம்பிச்ச மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 40 வாட்டுலதான்பா ஒலிபரப்பைத் தொடங்கினாங்க. இந்த ஊருக்கு ரேடியோவே அப்படித்தான் வந்தது" என்று மேசையைத் தட்டிச் சொல்வார். அவருடைய ரெஸ்ட்ரிக்டட் கிரேடு உரிமம் ஷார்ட்வேவில் அனுமதிக்கும் அளவும் 50 வாட்தான். அலமாரியில் இருப்பவை 100 வாட் பெட்டிகள் மூன்று, ஒன்றரைக் கிலோவாட் தாங்கும் ட்யூனர் ஒன்று. "எதுக்கும் இருக்கட்டுமே!"

ஹைதராபாத்காரர் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற பெட்டியை ஹாம்கள் உலகம் முழுக்கத் தாமே சோல்டர் செய்துகொண்டார்கள். காயில் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாய் வாஷரே போதும் என்று காட்டிய சிக்கனமான டிசைன். சாரும் ஒரு வேகத்தில் அரை டஜன் வாஷர் வாங்கிவந்தார். அவற்றால் அந்த வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது.

பெட்டியாவது என்றைக்காவது முடிவாகும். ட்யூனர் விவகாரம் முடியவே முடியாது.

ரேடியோ 50 ஓம் சுமையை எதிர்பார்க்கிறது. மாடியில் கட்டிய கம்பி அப்படி ஒரே சொல்பேச்சில் நிற்காது. அலைவரிசைக்கு அலைவரிசை மாறும், உயரத்துக்கு மாறும், பக்கத்துத் தகரக் கூரைக்கு மாறும். பொருந்தாவிட்டால் அனுப்பிய சக்தியில் ஒரு பங்கு கேபிள் வழியே திரும்பி வந்துவிடும். அதன் அளவுகோல்தான் எஸ்.டபிள்யூ.ஆர். ட்யூனர், சம்பந்தி சண்டையில் நடுவே உட்காரும் பெரிய மாமாவைப் போல. பெண் வீட்டாரிடம் "அவங்க சரியாயிட்டாங்க" என்பார். பெண் வீட்டாரும் நிம்மதியாகி விருந்து போடுவார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒன்றுமே மாறியிருக்காது. ரேடியோவின் காலடியில் ட்யூனரை வைத்தால் ரேடியோ சமாதானமாகிறது, அவ்வளவுதான். மாடியில் கம்பி முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. இடையில் உள்ள கோஆக்ஸ் கேபிளில் சக்தி போகவும் வரவுமாக அலைந்து சூடாகிக் கரைகிறது. பெட்டிக்குள்ளேயே வரும் ட்யூனர்கள் பெரும்பாலும் எஸ்.டபிள்யூ.ஆர். 3 வரைதான் சமாளிக்கும். அதற்கு மேல் வெளியே தனிப்பெட்டி வேண்டும். அதுவும் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே மாடியில் இருந்தால் உத்தமம்.

சாருக்கு இதெல்லாம் கரதலப்பாடம். ஆனாலும் மீட்டர் முள் 1.3ல் நின்றால் அவருக்குச் சோறு இறங்காது. எஸ்.டபிள்யூ.ஆர். 2 இருந்தாலே திரும்பி வருவது நூற்றுக்குப் பதினொன்றுதான். எந்த ரேடியோவும் அதைப் பொறுத்துக்கொள்ளும். 1.3ல் இருப்பதை 1.1 ஆக்குவதற்காக வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரம் சந்தைக்குப் போவார். ட்யூனருக்கு ஆகிற, பழைய வால்வு ரேடியோக்களின் கேங் கண்டென்சர் அங்கே எடைக்குக் கிடைக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி முள் அசையாமல் 1.0ல் நின்றது. ஆனந்தம் தாங்காமல் அரை மணி நேரம் "சி.க்யூ., சி.க்யூ." என்று உலகத்தையே கூப்பிட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. கேபிள், டம்மி லோட் என்ற சோதனைச் சுமையில் மாட்டியிருந்தது. அது சரியாக 50 ஓம். வாங்கிய சக்தியை வெப்பமாக்குமே தவிர வெளியே ஒரு சொல்லும் விடாது. அவர் வாழ்நாளின் மிகச் சிறந்த எஸ்.டபிள்யூ.ஆர். இன்றுவரை அதுதான்.

இணைக்கும் முறையில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. ரேடியோ, பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், பிறகு ட்யூனர், பிறகு மாடிக்குப் போகும் கேபிள். மீட்டரைக் கொண்டுபோய் ட்யூனருக்கு அந்தப்புறம் வைத்தால் ட்யூனரை எவ்வளவு திருகினாலும் அதில் மாற்றம் தெரியாது. 13.8 வோல்ட் சப்ளையிலிருந்து வரும் ஒயர் தடிமனாக இருக்க வேண்டும், 100 வாட் பெட்டி பேசும்போது இருபது ஆம்பியர் வரை இழுக்கும். எர்த் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஐப்பசியில் இடி தூரத்தில் உறுமினால் போதும், கேபிளைக் கழற்றி நுனியைக் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டுவிடுவார். ட்யூன் செய்யும்போது சக்தியைப் பத்து வாட்டுக்குக் குறைக்க வேண்டும், அதற்கு முன் அந்த இடத்தில் யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்வார். கேட்பதை மட்டும் தாம் மறந்துவிடுவார். காலையில் நாற்பது மீட்டர் அலைவரிசையில் நாலு பேர் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு நீண்ட விசில் வந்து விழும். "சார் ட்யூன் பண்றார், டீ குடிச்சிட்டு வருவோம்" என்று பேச்சை நிறுத்திவிடுவார்களாம்.

கம்பியின் கதை தனி. 7.1 மெகாஹெர்ட்சுக்கு அரை அலைநீள டைபோல் ஆன்டெனா என்றால் 66 அடி வேண்டும். சாரின் மனை அரை கிரவுண்டு, முப்பதுக்கு நாற்பது. மூலைக்கு மூலை இழுத்தாலும் ஐம்பது அடிதான். மிச்சம் பதினாறு அடிக்கு எங்கே போவது? நுனியை மடக்கிக் கீழே தொங்கவிட்டாலும் வேலை செய்யும். அது அவருக்கும் தெரியும், மனசுதான் கேட்காது. பக்கத்து வீட்டுத் தென்னைமரத்தில் கண் விழுந்தது. அனுமதிக்காகத் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ், பொங்கலுக்குக் கரும்பு, அந்த வீட்டுப் பெண்ணுக்கு வங்கித் தேர்வுக்கு இலவச டியூஷன். பெண் தேர்வில் தேறிவிட்டாள். கம்பியும் மரம் ஏறிவிட்டது. தேங்காய் பறிக்க ஆள் வரும் நாட்களில் சார் கீழே நின்று "கம்பி, கம்பி" என்று கத்துவார். இந்தப்பக்கம் அம்மாள், வடாம் காயும் துணிக்கு மேலே குறுக்காக எதுவும் போகக் கூடாது என்று எல்லை வகுத்திருக்கிறார். தெருவில் யார் வீட்டு டி.வி. கோளாறானாலும் முதல் சந்தேகம் சார் மேல்தான் விழும்.

இத்தனைக்குப் பிறகும் பெட்டியை ஆன் செய்தால் 'கொர்ர்ர்' என்று இரைச்சல். சிட்கோ பட்டறைகளில் மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்கள், வீட்டுக்கு வீடு எல்.இ.டி. பல்பு, மாடிக்கு மாடி சோலார் இன்வெர்ட்டர், எல்லாம் சேர்ந்து ஷார்ட்வேவைக் கலக்குகின்றன. அதனால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை விசேஷம், பட்டறைகள் லீவு. அதைவிட விசேஷம் மின்வெட்டு. ராத்திரி கரண்ட் போனதும் தெருவே மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டு வாசலுக்கு வரும். சார் மட்டும் முகமெல்லாம் மலர்ந்து, கார் பேட்டரியில் ரேடியோவை மாட்டிக்கொண்டு உட்காருவார். நிசப்தமான அலைவரிசையில் கொழும்பும் கொச்சியும் கண்ணாடிபோல் கேட்கும். "ஏங்க, அந்த பேட்டரியில ஒரு ஃபேன் ஓடாதா?" என்ற கேள்வி அவர் ஹெட்போனைத் தாண்டாது. கரண்ட் வந்துவிட்டால் தெருவில் ஒரே ஒரு "ச்சே!" கேட்கும். யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவு பாடுபட்டுப் பேசுவது என்ன என்று ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். "உங்க சிக்னல் ஃபைவ் நைன். ரிக் ஐகாம். ட்யூனர் மாத்தியிருக்கேன். இங்கே மேகமூட்டம்." அந்தப்பக்கம்: "உங்களுதும் ஃபைவ் நைன். ரிக் யேசு. இங்கே வெயில். செவன்ட்டி த்ரீ." ஃபைவ் நைன் என்றால் சிக்னல் பிரமாதம், செவன்ட்டி த்ரீ என்றால் வாழ்த்துகள். முடிந்தது.

இதை வைத்து அவரை ஒதுக்கிவிடவும் முடியாது. செம்பரம்பாக்கம் ஏரியில் உபரி நீர் திறந்தால் வெள்ள எச்சரிக்கைப் பட்டியலில் குன்றத்தூரை அடுத்து வரும் பெயர் திருமுடிவாக்கம். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரை மூழ்கியபோது செல்போன்கள் செத்துக் கிடந்தன, ஹாம்கள் ரேடியோவை எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்தார்கள். 2004ல் பாரதி பிரசாத் என்ற ஹாமும் குழுவினரும் அந்தமானிலிருந்து பேசிப் பார்க்கப் போன இடத்தில் சுனாமி வந்து, அவர்களுடைய ரேடியோதான் போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி கொண்டுபோனது. இந்த இரண்டையும் சொல்லும்போது சாரின் குரல் மாறிவிடும். அடுத்த வெள்ளத்துக்காக ஒரு சூட்கேஸ் தயார் செய்யத் தொடங்கினார். முதலில் கைரேடியோவும் ஒரு பேட்டரியும் இருந்தன. பிறகு ஷார்ட்வேவ் பெட்டி, பிறகு அதற்கு ட்யூனர், மாற்று ட்யூனர், சோலார் பலகை, இரண்டு வகைக் கேபிள். இப்போது அந்த அவசரகால சூட்கேஸை மாடிப்படி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும்.

உங்களுக்கும் இந்த ஆசை இருந்தால் தாராளமாக இறங்கலாம். பன்னிரண்டு வயது நிரம்பினால் தேர்வு எழுதலாம், ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் அவசியமில்லை. உரிமம் வந்ததும் கையிருப்பில் முதல் பங்கைக் கம்பிக்கும் நல்ல கேபிளுக்கும் ஒதுக்கி, முடிந்த உயரத்தில் கட்டுங்கள். பெட்டி செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் பேசும். கம்பி கட்டத் தெரியாவிட்டால் ஞாயிறு காலையில் ஆன்டெனா சாரைக் கூப்பிடுங்கள், கயிறோடு வந்துவிடுவார், கற்றுக்கொடுப்பதில் தங்கமான மனுஷர். அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது "அடுத்து எந்த ரிக் சார்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.