மாட்டைப் பாத்தது போதும்வே!

வாரும்வே வாத்தியாரே, இப்படித் திண்ணையில இரும். எம் பேத்திகிட்ட ஒரு தாளு குடுத்துவிட்டிருக்கீரே, பாத்தேன். இணையதளத்தை நம்பலாமா கூடாதான்னு கண்டுபிடிக்க எட்டுக் கேள்வி. பக்கம் நேர்த்தியா இருக்கா, எழுத்துப்பிழை இருக்கா, ‘எங்களைப் பற்றி’ன்னு ஒரு பகுதி இருக்கா, முகவரி டாட் ஆர்க்னு முடியுதா... புள்ள ஒரு தளத்தைப் பாத்து ஒவ்வொண்ணா டிக் அடிச்சா. எட்டுக்கு எட்டு. உடனே அந்தத் தளத்துல இருந்த வெள்ளைக்காரத் துரை மெக்காலே பேச்சைக் கட்டுரையில எறக்கிட்டா.

1835 பிப்ரவரி 2-ஆம் தேதி லண்டன் பார்லிமென்ட்டுல மெக்காலே எந்திரிச்சாராம். இந்தியா பூராச் சுத்திப் பாத்தும் ஒரு பிச்சைக்காரனையும் காணல, ஒரு திருடனையும் காணல, இவங்க படிப்பைக் கெடுத்தாத்தான் ஆள முடியும்னு பேசினாராம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மனுசன் 1834 ஜூன்லயே மெட்ராசுல வந்து எறங்கியாச்சு. ஊட்டியில கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பாத்துட்டுக் கல்கத்தா போனவரு, 1838-லதான் சொந்த ஊருக்குத் திரும்புதாரு. கப்பல் பயணமே நாலு மாசம். கல்கத்தாவுல இருந்துக்கிட்டு லண்டன்ல பேசுததுக்கு அன்னைக்கு ஜூம் மீட்டிங்காவே இருந்துச்சு?

அன்னைக்கு அவரு செஞ்சது வேற. கல்வியைப் பத்தி ஒரு குறிப்பு எழுதினாரு. நல்ல ஐரோப்பிய நூலகத்துல ஒத்தைத் தட்டுக்கு இந்திய, அரபு நூலெல்லாம் சேந்தாலும் ஈடாகாதுங்கது அதுல உள்ள சங்கதி. வையணும்னா அதை வச்சே ஏழு தலைமுறைக்கு வையலாம். எழுதினதை விட்டுட்டு, பேசாத பேச்சுக்கு எதுக்குவே அந்த மனுசனை வையணும்?

“அம்பது தளத்துல இருக்கே தாத்தா”ங்கா பேத்தி. இருக்கும். அம்பதுலயும் அதே வரி, அதே வரிசை. ஒருத்தன் சொன்னதை அம்பது பேரு ஒப்பிச்சா சாட்சி அம்பதாயிருமா?

நாங்க சந்தையில மாடு புடிக்கப் போனா, கொம்புல எண்ணெய் மினுங்கும், கழுத்துல புதுமணி கெடக்கும். பல்லைப் பாப்போம், சுழி பாப்போம். வெவரமானவன் அதோட நிக்க மாட்டான். மாட்டுக்காரன் ஊரிலேருந்து வேற எவன் வந்திருக்கான்னு தேடிப்புடிச்சு, ஒரு டீயும் வாங்கிக் குடுத்து, “அந்த மயிலைக் காளை ஏருல பூட்டுனாப் படுத்துக்கிடுமாமே?”ன்னு ஒரு போடு போடுவான். அம்புட்டுதான், ஊர்க்கதை பூரா வந்து விழும்.

அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல சாம் வைன்பர்க்னு ஒரு பேராசிரியரு இதைத்தான் ஆராய்ச்சியாவே செஞ்சாரு. 2017-ல வெளிவந்துச்சு. வரலாத்துல டாக்டர் பட்டம் வாங்கினவங்க, கல்லூரிப் பிள்ளைங்க, பத்திரிகைக்குத் தகவல் சரிபாக்கவங்கன்னு மூணு கூட்டம். எல்லாருக்கும் ரெண்டு தளத்தைக் காட்டினாரு. ரெண்டும் குழந்தை மருத்துவர் சங்கம், ரெண்டும் டாட் ஆர்க், பேருகூடக் கிட்டத்தட்ட ஒண்ணு. ஒண்ணு 1930-லேருந்து இருக்கு, அறுபதாயிரத்துக்கு மேல உறுப்பினர். மத்தது 2002-ல கொள்கைத் தகராறுல பிரிஞ்சு வந்த சின்னக் கூட்டம். படிச்ச பெரியவங்க பக்கத்தை மேலயும் கீழயும் உருட்டி, அடிக்குறிப்பு இருக்கான்னு பாத்து, பல பேரு தடுமாறிட்டாங்க. சரிபாக்கவங்களோ அந்தப் பக்கத்துல உக்காரவே இல்ல. பக்கத்துல புதுசா ஒரு டேப்பைத் தொறந்து, இவனுகளைப் பத்தி ஊரு என்ன சொல்லுதுன்னு தேடப் போயிட்டாங்க.

உம்ம தாளு அங்கதான்வே கவுந்துது. ‘எங்களைப் பற்றி’ன்னு எழுதுதவன் அவனேதானே! தன்னைப் பத்தி எவன் கொறச்சு எழுதுவான்? டாட் ஆர்க் காசு கட்டுனா எனக்கும் குடுப்பான். டாட் கவ் டாட் இன்னுன்னா அது அரசாங்கத்துக்கு, எனக்குக் கெடைக்காது.

அதுக்காகத் தாளைக் கிழிச்சுப் போட்டுராதேயும். பொய்த்தளம் நடத்துதவன் எவனாச்சும் வந்தா அவன்கிட்டக் குடும். இன்ன இன்னதை ஒட்டவச்சா வாத்தியாருமாரு நம்புவாங்கன்னு தெரிஞ்சு, அவன் வேலை சுளுவா முடியும்.

பிள்ளைங்களுக்கு வேற பாடம் வையும். திருநள்ளாறு கோயிலுக்கு மேல வந்தா செயற்கைக்கோள் மூணு நொடி நின்னு போகுது, நாசாவே அசந்துட்டுன்னு நம்ம ஊரு குரூப்புல ஒண்ணு ஓடுதே, அதைக் குடும். பூமிக்குப் பக்கமாச் சுத்துத செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல போகும். நின்னா விழுந்துராதான்னு எவனாச்சும் ஒரு பய கேக்கானா பாரும். அப்புறம் நாசா அதை எங்க சொல்லியிருக்குன்னு தேடச் சொல்லும்.

ஒண்ணு மட்டும், அதைக் காட்டும்போது மேல இருக்க பேரை மறைச்சுக்கிடும். போன சனிக்கிழமை அதைக் குரூப்புல போட்டது நீருதான்.