தாராசுரத்தில் கப்பல் உடைக்கத் தடை

தாராசுரத்தில் கப்பல் உடைக்க முடியாது. அதற்குச் சட்டமே இருக்கிறது. 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். துத்தநாக உருக்காலை கூடாது, தாமிர உருக்காலை கூடாது, தோல் பதனிடக் கூடாது, எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாது, கப்பல் உடைக்கும் தொழில் கூடவே கூடாது. பட்டுத் தறிக்கும் காய்கறிச் சந்தைக்கும் பேர்போன இந்த ஊரில், எவனாவது ஒரு சரக்குக் கப்பலை அரசலாற்றில் இழுத்துக்கொண்டு வந்து சம்மட்டியால் ஒரு தட்டுத் தட்டட்டும், மறுநாளே உள்ளே இருப்பான். டெல்டாக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

எண்ணெய்க் கிணற்றுக்கான தடையைக் கேலி செய்ய மாட்டேன். அது கதிராமங்கலத்தாரும் நெடுவாசல்காரர்களும் வெயிலில் உட்கார்ந்து, வழக்கு வாங்கி, சிறைக்குப் போய்ப் பெற்றது. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு உட்பிரிவு இருக்கிறது. அதை மேடையில் யாரும் படிப்பதில்லை. துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை, மின்சாரம், தொலைத்தொடர்பு போன்ற உள்கட்டமைப்புத் திட்டங்களை இந்தத் தடை பாதிக்காது. ஆக, கப்பலை உடைக்கக் கூடாது, ஆனால் கப்பல் வந்து நிற்பதற்குத் துறைமுகம் கட்டிக்கொள்ளலாம். தோலைப் பதனிடக் கூடாது. வயலின் தோலை உரித்துச் சாலை போடலாம்.

போட்டாயிற்று. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரை சுமார் 165 கிலோமீட்டர், நான்கு வழி, தேசிய நெடுஞ்சாலை 36. அதில் சேத்தியாத்தோப்பு முதல் சோழபுரம் வரையிலான 50 கிலோமீட்டரை, 2,350 கோடி ரூபாய்க்கு மேல் செலவான துண்டை, 2025 ஜூலை 26 அன்று பிரதமர் தூத்துக்குடியில் இருந்தபடியே நாட்டுக்கு அர்ப்பணித்தார். மறுநாள் கங்கைகொண்டசோழபுரம் வந்து ராஜேந்திர சோழனுக்கு நாணயம் வெளியிட்டார். ஏரி வெட்டிய அரசனுக்கு நாணயம், வாய்க்காலை மறித்த சாலைக்கு ரிப்பன். இரண்டு நாளில் இரண்டு மரியாதையும் முடிந்தன.

சாலை வேண்டாம் என்று எவனும் சொல்லவில்லை. பண்ருட்டி வழியாகச் சென்னைக்குப் பேருந்தில் போய் இடுப்பைத் தொலைத்த ஊர் இது. ஆம்புலன்ஸ் லாரிக்குப் பின்னால் ஊர்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். சாலை வரட்டும். சாலைக்கு அடியில் தண்ணீர் போகட்டும் என்பது மட்டும்தான் கேள்வி. அதற்குத்தான் இந்த நாட்டில் பதில் சொல்ல ஆளில்லை.

டெல்டா சமதளம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இங்கே சாலை போட வருகிறார்கள். சமதளம் இல்லை ஐயா. கல்லணையிலிருந்து கடல் வரை கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு இருக்கிறது. கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு அடி தேறினால் பெரிது. அந்தச் சின்னச் சரிவை வைத்துக்கொண்டுதான் ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கிளை வாய்க்காலாகி, கன்னி வாய்க்காலாகி, வயல் மடைக்குள் நுழைந்து, மறுபக்கம் வடிகாலாக வெளியே வருகிறது. அதோடு முடியாது. மேலூரின் வடிகால் கீழூரின் பாசன வாய்க்கால். தலைமடைக்காரன் வேண்டாமென்று வடித்துவிட்ட தண்ணீரில்தான் அடுத்த ஊர்க்காரன் நாற்று விடுகிறான். இந்தக் கணக்கில் அரை அடி தவறினால் ஒரு கிராமமே தவறும்.

இதன் குறுக்கே பத்தடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மேடு கட்டுகிறார்கள். வாய்க்கால் கடக்கிற இடத்தில் ஒரு பாக்ஸ் கல்வெர்ட். அதற்கு மனம் வராவிட்டால் இரண்டு சிமெண்ட் குழாய். எங்கே வைப்பது என்பதைக் காகிதம் சொல்லும். காகிதத்தில் கிராம வரைபடத்தின் நீலக்கோடு விழுந்திருந்தால் குழாய் உண்டு. பாட்டன் காலத்தில் ஆறு பேர் பேசி வைத்து வெட்டிய கன்னி வாய்க்காலுக்கு நீலக்கோடு ஏது? அது மண்ணுக்கடியில் போய்விடும். கோடு விழுந்த வாய்க்காலின் கதியும் சுகமில்லை. டெல்டாவில் எந்தச் சாலை வேலை நடக்கிற இடத்துக்குப் போனாலும் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்:

"சார், வாய்க்கா மட்டத்துக்கு ஒன்றரை அடி ஒசரத்துல கொழாய வச்சிருக்கீங்க. தண்ணி எப்புடிங்க ஏறும்?"

"பெரியவரே, டிசைன்ல அப்படித்தான் இருக்கு."

"தண்ணிக்கு டிசைன் படிக்கத் தெரியாதுங்களே சார்."

"மனு குடுங்க."

மனு கொடுப்பார். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வார். சாலைத் துறை அதிகாரி வந்திருக்க மாட்டார், அவருக்குப் பதில் வந்தவர் குறித்துக்கொள்வார். நீர்வளத் துறை, அது எங்கள் வாய்க்கால் இல்லை என்னும். ஊராட்சி, அது எங்கள் சாலை இல்லை என்னும். அதற்குள் ஐப்பசி வந்துவிடும். சாலைக்கு மேற்கே சம்பா கழுத்தளவு தண்ணீரில் அழுகும். கிழக்கே வாய்க்காலில் நண்டு காயும். அழுகினால் அது வடகிழக்குப் பருவமழையின் குற்றம். காய்ந்தால் கர்நாடகத்தின் குற்றம். நடுவில் மலைப்பாம்பு போலப் படுத்திருக்கும் சாலை மட்டும் நிரபராதி.

இன்னொரு கூத்தும் வருடா வருடம் நடக்கிறது. ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்பாக ஏப்ரல், மே மாதங்களில் வாய்க்கால் தூர்வாரும் பணி. 2022இல் மட்டும் 80 கோடி ரூபாய், 4,964 கிலோமீட்டர் என்று அரசே அறிவித்தது. அரசின் ஒரு கை தூர்வாருகிறது, இன்னொரு கை தூர்க்கிறது. இரண்டு கைக்கும் பொக்லைன் ஒரே வாடகை.

சரி, கெடுத்ததற்கு ஈடு என்ன? காட்டை அழித்தால் ஈடாகக் காடு வளர்க்க 2016இல் நாடாளுமன்றம் ஒரு நிதிச் சட்டமே போட்டிருக்கிறது. ஈரநிலத்தை அழித்தால்? அங்கேதான் நம் அதிகார வர்க்கத்தின் மேதைமை ஒளிர்கிறது. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், ஈரநிலம் என்றால் என்னவென்று விளக்கும்போதே சிலவற்றை வெளியே தள்ளிவிட்டன. ஆற்றின் தடம் ஈரநிலம் இல்லை. நெல்வயல் ஈரநிலம் இல்லை. பாசனத்துக்காக மனிதன் வெட்டியது ஈரநிலம் இல்லை. இந்த மூன்றையும் கழித்துவிட்டால் தஞ்சாவூர் மாவட்டத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? ஆட்சியர் அலுவலகமும் அல்வாக் கடையும்தான். ஆறு மாதம் கணுக்காலளவு தண்ணீரில் நிற்கிற நிலம், நாரையும் கொக்கும் உழவனும் சேர்ந்து இறங்குகிற நிலம், டெல்லிக் கணக்கில் காய்ந்த கட்டாந்தரை. இல்லாத ஈரநிலத்தை எப்படி அழிக்க முடியும்? அழிக்காததற்கு எதற்கு ஈடு?

இந்தியா 1982இல் சேர்ந்த ராம்சர் ஒப்பந்தமோ நெல்வயலையும் ஈரநிலம் என்றே கொள்கிறது. திருவாரூர் மாவட்டத்து வடுவூர் ஏரி பாசனத்துக்காக வெட்டியது, காவிரித் தண்ணீர் குடிப்பது. 2022இல் அதற்கு ராம்சர் பட்டம் வாங்கிப் பெருமையோடு படம் எடுத்துக்கொண்டோம். வெளிநாட்டுக்காரன் முன்னால் அது ஈரநிலம், நெடுஞ்சாலைக்காரன் முன்னால் அதன் சகோதரிகள் வெறும் புறம்போக்கு.

ஈடே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். மரம் உண்டு. 2015இன் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கைப்படி திட்டச் செலவில் ஒரு சதவீதம் நடவுக்கு. வெட்டிய ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்று நீதிமன்றங்களும் சொல்லிப் பார்த்துவிட்டன. வெட்டப்படுவது மூன்று பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத புளியமரம். சாலை நடுவே முளைப்பது அரளி. ஆடு தின்னாது, மாடு தின்னாது, நிழல் தராது, காக்கை கூடு கட்டாது. ஒரு செடிக்கு இத்தனை தகுதி போதாதா? எண்ணிக்கைக்கு அரளியும் ஒன்றுதான், ஆலும் ஒன்றுதான். வாய்க்காலைக் கேட்டவனுக்கு அரளியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். டெல்டாவில் அரளி விதையைக் கையில் கொடுத்தால் என்ன அர்த்தமென்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

குளமும் உண்டு. 2022இல் வந்த அமிர்த சரோவர் திட்டத்தில் மாவட்டத்துக்கு 75 குளம், ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு ஏக்கர். தோண்டுகிற மண்ணை நெடுஞ்சாலைக்கும் ரயில்பாதைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். என்ன அழகான ஏற்பாடு! மேடு கட்ட மண் வேண்டும், கெட்ட பேர் போகக் குளமும் வேண்டும், ஒரே பக்கெட்டில் இரண்டும் வந்துவிடுகிறது. மண்ணுக்காகத் தோண்டியவன் மண் கிடைக்கிற மட்டும் தோண்டுவான். அவனுக்குக் கரைச் சரிவு எதற்கு, படித்துறை எதற்கு? தண்ணீர் வருகிற வாய்க்கால் எது, மிஞ்சினால் போகிற வழி எது என்று அவன் ஏன் கேட்கிறான்? சுவர்போலச் செங்குத்தாக இறங்கும் பள்ளத்தில் மாடு தவறி விழுந்தால் தூக்குவதற்கு இன்னொரு பொக்லைன் வர வேண்டும். பெயர்ப்பலகை மட்டும் மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் நிற்கும்.

அமெரிக்காவில் சாலைக்காரன் சதுப்பை நிரப்பினால், ஓடையை மறித்தால், சுத்தநீர்ச் சட்டத்தின் 404ஆம் பிரிவுப்படி வேறிடத்தில் அதற்குச் சமமாகச் சதுப்பையும் ஓடையையும் மீட்டுத் தர வேண்டும். அல்லது மீட்டு வைத்திருப்பவனிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதுவும் பெரிய புண்ணியமில்லை. நிகர இழப்பே இருக்கக் கூடாது என்ற இலக்கு எட்டப்படவில்லை என்று அவர்களுடைய தேசிய ஆராய்ச்சிக் குழுவே 2001இல் எழுதிவிட்டது. ஆனால் அங்கே தோற்றதை எழுதுவதற்காவது ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. இங்கே புத்தகமே இல்லாததால் நாம் தோற்றதே இல்லை.

நம் உச்ச நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. கிரேட்டர் நொய்டா பக்கம் சைனி என்ற கிராமத்தின் குளங்களைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு, வேறிடத்தில் இதைவிடப் பெரிய குளம் வெட்டித் தருகிறோம் என்றது அதிகாரத் தரப்பு. 2019 நவம்பரில் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. ஓரிடத்துக் குளத்தை மூடி இன்னோரிடத்தில் பள்ளம் வெட்டுவது எந்திரத்தனமான ஏற்பாடு, அதனால் போனது திரும்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை, பழைய குளத்தை மீட்டுக் கொடு என்றது. கடைமடைக்காரன் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்து வைத்திருந்ததைத்தான் நீதிமன்றம் சட்ட மொழியில் சொன்னது. நம்முடைய அலுவலகங்களில் அந்தத் தீர்ப்பு எந்தப் பீரோவில் இருக்கிறதோ, கரையானுக்காவது பயன்பட்டிருக்கும்.

குறை மட்டுமே சொல்கிறான் என்று நாளை யாரும் பேசக் கூடாது. அதனால், மாண்புமிகுக்களே, ஒரு ஆக்கபூர்வமான யோசனை. ஈடாகக் காட்ட ஒரு ஈரநிலம் தேவை, நிலமெடுப்பு கூடாது, செலவு கூடாது, படத்தில் அழகாக விழ வேண்டும் என்றால் தாராசுரத்துக்கு வாருங்கள். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் இருக்கிறது, 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சுற்றுப்புறம் மேடேறிவிட்டது, கோயில் பள்ளத்தில் நிற்கிறது. நல்ல மழை நாலு நாள் பெய்தால் நந்தியும் பலிபீடத்து இசைப்படியும் தண்ணீருக்குள். தட்டினால் ஸ்வரம் வரும் படியில் தவளை கத்தும். உள்ளே பிராகாரமும் குளம். பக்கத்தில் எம தீர்த்தம் இருக்கிறது, சாபத்தில் வெந்த எமனே முங்கிக் குளிர்ந்தான் என்பது தலபுராணம். அதற்கு அரசலாற்றிலிருந்து தண்ணீர் வர வாய்க்கால் வைத்தவர்களுக்கு, கோயில் தண்ணீர் வெளியே போக வழி வைக்கவா தெரியாது? அந்த வழியையெல்லாம் நாம்தான் முன்னேற்றிவிட்டோம்.

விதிப்படி பார்த்தாலும் பொருந்துகிறது. வயலில் நின்றால் ஈரநிலமில்லை. ஏரியில் பாசனத்துக்கு நின்றால் ஈரநிலமில்லை. ஒருவருக்கும் உதவாமல், நிற்கக் கூடாத இடத்தில் நின்றால் எந்த விலக்கும் குறுக்கே வராது. முகமண்டபம் வேறு சக்கரமும் குதிரையும் பூட்டிய கல் ரதம். தண்ணீரில் நின்றாலும் வாகனம் வாகனம்தான். ஒரு ஃபாஸ்டேக் ஒட்டிச் சுங்கமும் பிடித்துக்கொள்ளலாம். ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கில் எத்தனை கன்னி வாய்க்காலுக்கு இந்த ஒரு பிராகாரத்தை ஈடு எழுதலாம் என்பதை உங்கள் ஆலோசனை நிறுவனம் நல்ல வழுவழுப்பான தாளில் போட்டுத் தரும்.

திறப்பு விழாவை ஐப்பசி அடைமழையில் வையுங்கள். சம்பா அழுகிக்கொண்டிருப்பதால் விவசாயிகள் யாரும் தொந்தரவு செய்ய வர மாட்டார்கள். ரிப்பனை எங்கள் தறிகாரர்களிடமே பட்டில் நெய்து வாங்கிக்கொள்ளலாம். தண்ணீரை இறைக்க வைத்திருக்கும் மோட்டாரை மட்டும் நீங்கள் வந்து போகிற வரை நிறுத்தச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வருவதற்குள் ஈரநிலம் வடிந்துவிடும்.