கண்ணுக்கு மாத்திரை, பர்ஸுக்கு யாத்திரை

'மூன்றே மாதத்தில் கண்ணாடிக்கு குட்பை' என்று ஆன்லைனில் லூட்டின் மாத்திரை விற்கிறார்களே, வாங்கலாமா?

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி அது. கண்ணாடி இல்லாமல் அதைப் படிக்க முடிந்தால் மாத்திரை உங்களுக்குத் தேவையில்லை. மூன்று மாதம் விழுங்கியும் படிக்க முடியாவிட்டால்... நான் வேறு சொல்ல வேண்டுமா?

சீரியஸாக: கிட்டப்பார்வையும் வெள்ளெழுத்தும் மாத்திரையில் போகாது. அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தின் 'ஏரெட்ஸ் 2' ஆய்வு 2013-இல் வெளியானது. அதிலுள்ள கலவை (லூட்டின் 10 மி.கி., ஸியாஸாந்தின் 2 மி.கி., கூடவே வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம்) வயதால் விழித்திரையின் நடுப்பகுதி ஓரளவு பழுதானவர்களுக்கு, நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தும். அவ்வளவுதான். சிகரெட் பிடிப்பவர், பிடித்து விட்டவர் என்றால் பீட்டா கரோட்டின் கலந்த டப்பா பக்கமே போகாதீர்கள். நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடும்.

கேரட் தின்றால் இருட்டிலும் கண் தெரியுமாமே?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் விமானிகளைப் பற்றி அப்படித்தான் அளந்தார்கள். இருட்டில் ஜெர்மன் விமானத்தைக் கண்டுபிடித்தது ரேடார். அது கேரட் சாப்பிடாது!