விசேட மதிய உணவு

ரொறன்ரோவில் ஒரு செல்வத்துக்கு முதலாவது பிறந்தநாள். ஆகவே கிளிநொச்சியில் ஒரு சிறுவர் இல்லத்துப் பிள்ளைகள் கோழிக்கறிக்கு முன்னால் கைகட்டிக் காத்திருக்கிறார்கள். சோறு ஆறினால் ஆறட்டும், பதாகை இன்னும் நேராகவில்லை. "தம்பி, சிரியும்! மாமாவுக்கு நன்றி சொல்லும்!" படம் மாலைக்குள் முகநூலில் ஏறிவிடும், 'அநாதைச் சிறார்களுக்கு அன்னதானம்' என்று.

அநாதையா? இலங்கையின் சிறுவர் இல்லங்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். தாய் முல்லைத்தீவில் தகரக் கொட்டிலில், நுண்கடன்காரனின் மோட்டார்சைக்கிள் சத்தத்துக்கு ஒளித்துக்கொண்டிருப்பாள். இல்லையென்றால் குவைத்தில் வேறு யாருடைய பிள்ளைக்கோ சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஏது பதாகை?

வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்காதே என்று ஐ.நா. பொதுச்சபை வழிகாட்டல் போட்டது 2009 டிசம்பரில். ஆம், போர் முடிந்த அதே 2009. அந்தக் கடதாசி ஓமந்தைச் சோதனைச் சாவடியில் மறிபட்டிருக்க வேண்டும். 2019இல் கொழும்பும் மாற்றுப் பராமரிப்புக்கென்று ஒரு தேசியக் கொள்கை எழுதியது: குடும்பம்தான் முதல், இல்லம் கடைசி வழி. வெள்ளைக்காரன் காலத்து 1939ஆம் ஆண்டுச் சட்டமே பிள்ளையை உறவினரிடமோ தகுதியான ஒருவரிடமோ ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு வழி விட்டிருக்கிறது. ஆனால் அம்மம்மாவிடம் ஒப்படைத்தால் கட்டடம் எழும்பாதே! கட்டடம் இல்லாமல் பெயர்க்கல்லை எங்கே பதிப்பது, அம்மம்மாவின் நெற்றியிலா?

வன்னிப் பிள்ளைக்கு உரிமை கோராதவர் யார்? புலிகள் இயக்கம் வீட்டுக்கு ஒருவரைக் கேட்டது. கொடுக்காத வீட்டிலும் இழுத்துக்கொண்டு போனது. 2006 ஓகஸ்ட் 14 வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் குண்டு போட்ட அரசு, செத்த மாணவிகளைப் புலிகள் என்றது. அதே அரசுக்கு ஒவ்வொரு ஒக்டோபர் முதலாம் திகதியும் சிறுவர்கள் தேசத்தின் செல்வங்கள். அன்றைக்கு ஆளுக்கொரு பலூன். இப்போது புண்ணியம் தேடுவோரின் முறை.

இல்லங்களில் உண்மையாகவே பிள்ளைகளைத் தாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்; போக இடமில்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை வைத்துக் கணக்கை மூடப் பார்க்கிறவர்களோடுதான் எனக்குக் கோபம்.

அந்தக் கோழிச் சோற்றுக் காசையும் பிறந்தநாள் மண்டபத்துக் காசையும் சேர்த்துத் தாய்க்கு இரண்டு கறவை மாடு வாங்கிக் கொடுக்கலாம், கடனை அடைக்கலாம். பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். ஐயோ, பிறகு இரண்டாவது பிறந்தநாளுக்கு யாரை இருத்திப் படம் எடுப்பது?