வைரம் இருக்கிறது, வியாழக்கிழமை இல்லை

பாத்திரமேற்று ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் சாவு ஒரு செலவுக் கணக்கு. ஒரு நிமிடத்துக்குள் எழுப்ப 300 பொற்காசு வைரம், பத்து நாளுக்குள் 500, நூறாண்டுக்குள் 1,000. எலும்புகூட மிஞ்சாவிட்டால் 25,000, கூடவே 17ஆம் நிலைப் பூசாரி ஒருவர்.

டிராகன் தீயில் தோழன் சாம்பலானதும் குழு பேசியது. முதலில், அவன் மந்திரக் கவசம் யாருக்கு? துக்கம் பிறகு. வைரம் கையிலிருந்தது, பூசாரியும் தயார். ஆடுபவர்கள் கூடுவதற்குத்தான் நாள் இல்லை. லண்டன்காரருக்கு இரவு ஒன்பது வசதி. அப்போது சிட்னிக்காரர் அலுவலகம் கிளம்பிக்கொண்டிருப்பார். இன்னொருவருக்குக் கைக்குழந்தை. வியாழன் வியாழனாகத் தள்ளிப்போய், ஒருவழியாக எல்லோரும் சிக்கினார்கள், மந்திரமும் ஓதியாயிற்று.

ஆன்மா சம்மதிக்க வேண்டும் என்பது விதி. சம்மதிக்கவில்லை. செத்தவனாக ஆடியவர் அதற்குள் பன்னிரண்டு பக்க முன்கதையோடு புது மந்திரவாதியை எழுதி முடித்திருந்தார். அந்தக் கவசம் தனக்கு வருமா என்றும் கேட்டார்.